எத்தனை மணி நேரக் குழந்தை?

வேலூர் காந்தி ரோட்டுல ஒரு தடவை நடந்து பாருங்க மக்களே. பெங்காலியில போர்டு வச்ச லாட்ஜ், வரிசையா மருந்துக் கடை, கையில ரிப்போர்ட் பைலோட ஜனங்க. 1900ல ஐடா ஸ்கடர் அம்மா ஒரே ஒரு படுக்கையோட ஆரம்பிச்ச ஆஸ்பத்திரி ஊரையே இப்படி மாத்தி வச்சிருக்கு. அதனாலயோ என்னவோ, எங்க பக்கத்துல ரிப்போர்ட் படிக்கத் தெரியாதுன்னு ஒத்துக்கற ஆளே கிடையாது. அடியேனும் அந்தக் கூட்டத்துல ஒருத்தன்தான் (அதாவது, போன பிரசவம் வரைக்கும்).

மகள் பிறந்த நாலாம் நாள். முகம், நெஞ்செல்லாம் மஞ்சள் பூத்த மாதிரி இருந்தது. டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். சாயங்காலம் ரிப்போர்ட் கைக்கு வந்தது. ஹீமோகுளோபின் 18.6. வெள்ளை அணுக்கள் 15,200. பிலிருபின் 10.8. மூணுக்கும் பக்கத்துல கொட்டை எழுத்துல 'ஹெச்'. நார்மல்னு போட்டிருந்த கட்டத்துல பிலிருபின் 1.2 வரைக்கும்தான். ஒன்பது மடங்கு!

மாமியார் அசரவே இல்லை. "பச்சப் புள்ளைன்னா மஞ்சளாத்தான் இருக்கும் மாப்ளே, காலைல இளவெயில்ல காட்டுனா போயிடும்"னாங்க. தங்கமணி ஒண்ணும் பேசலை, குழந்தையையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. நான் ராத்திரி பூரா இணையத்துல வெள்ளை அணுக்களைத் தேடிப் படிச்சு, படிக்கக் கூடாததையெல்லாம் படிச்சேன். விடியறதுக்குள்ள ஒரு வயசு கூடிப்போச்சு.

காலையில டாக்டர் ரிப்போர்ட்டை வாங்கினதும் கேட்ட முதல் கேள்வி: "பிறந்து எத்தனை மணி நேரமாச்சு?"

அப்புறம்தான் விளக்கினார். அந்தக் கட்டத்துல அச்சடிச்சிருந்தது பெரியவங்களுக்கான அளவு. வயித்துக்குள்ள குழந்தைக்குக் கிடைக்கற ஆக்சிஜன் கம்மி. அதை ஈடுகட்ட சிவப்பு அணுக்கள் நிறைய இருக்கும். அதனால நிறைமாசக் குழந்தைக்கு ஹீமோகுளோபின் 14ல இருந்து 22 வரைக்கும் சகஜம். அதுவே ரெண்டு மூணு மாசத்துல 10 பக்கம் இறங்கும், அதுவும் சகஜம்தான். வெள்ளை அணுக்கள் பிறந்த அன்னைக்கு 30,000 வரைக்கும் கூடப் போகும். தட்டணுக்கள் மட்டும் நம்மள மாதிரியே, ஒன்றரை லட்சத்துக்கு மேல. தைராய்டுக்கான டி.எஸ்.ஹெச். பிறந்த அரை மணி நேரத்துல எகிறி, ரெண்டு மூணு நாள்ல அடங்கும். அதனாலதான் அந்தப் பரிசோதனையை 48 மணி நேரம் கழிச்சு செய்யறது நல்லதாம். முதல் நாள் கிரியாட்டினின் அளவு பெரும்பாலும் குழந்தையோடதே இல்லை, அம்மாவோடது!

நான் ஆம்பூர்ல ஷூ கம்பெனியில க்யூ.சி. பார்க்கறவன். அப்பர் தோலுக்கு ஒரு கனம், லைனிங் தோலுக்கு வேற கனம். அப்பர் சார்ட்டை வச்சுக்கிட்டு லைனிங்கை அளந்தா மொத்த லாட்டும் ரிஜெக்ட்தான். தினமும் இதைத்தான் பசங்களுக்குச் சொல்லித் தரேன். பெத்த பொண்ணு விஷயத்துல மட்டும் புத்தி வேலை செய்யலை.

மஞ்சள் கதையும் அதுதான். நம்ம சிவப்பு அணு 120 நாள் தாங்கும், பச்சைக் குழந்தையோடது 60லேருந்து 90 நாள்தான். உடையறது அதிகம், கல்லீரலுக்கோ இன்னும் பழக்கமில்லை. பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு மஞ்சள் தெரியும், மூணுலேருந்து அஞ்சாம் நாளுக்குள்ள உச்சத்துக்குப் போகும். "நாலாம் நாள், நிறைமாசம், நல்லா பால் குடிக்கறா. 10.8க்கு லைட் வேண்டாம். அடிக்கடி பால் குடுங்க, மலத்தோட வெளியே போயிடும்"னு அனுப்பிட்டார்.

அன்னையிலேருந்து ஏரியாவுல நான் மஞ்சள் காமாலை நிபுணர் (!). யார் கேட்டாலும் "அட, 10, 12 எல்லாம் நார்மல்ங்க"ன்னு அள்ளி விட்டேன்.

போன வருஷம் ஒரு ராத்திரி கூட வேலை செய்யற பாய் போன் பண்ணார். தங்கச்சிக்குக் குழந்தை பிறந்திருக்கு, பிலிருபின் 10.2ன்னு ரிப்போர்ட். "உங்க பாப்பாவுக்கும் இதேதானே பாய்? அம்மா காலையில டாக்டர் வந்ததும் காட்டிக்கலாம்ங்கறாங்க." 'நார்மல்'ங்கற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. ஏதோ ஞாபகத்துல, "பிறந்து எத்தனை மணி நேரமாச்சு?"ன்னு கேட்டேன்.

"இருபது இருக்கும்."

கை நடுங்கிடுச்சு. முதல் 24 மணி நேரத்துல தெரியற மஞ்சள் நார்மல் கிடையாதுன்னு அந்த டாக்டர் விரலை ஆட்டிச் சொல்லியிருந்தார். "இப்பவே டாக்டரை எழுப்புங்க பாய், காலை வரைக்கும் வேண்டாம்"னேன். அம்மாவுக்கு ஓ பாசிட்டிவ், குழந்தைக்கு பி பாசிட்டிவ். அம்மாவோட எதிர்ப்பு சக்தி குழந்தையோட அணுக்களை உடைச்சிக்கிட்டு இருந்திருக்கு. விட்டிருந்தா அளவு ஏறி மூளையைப் பாதிச்சிருக்கலாம், காது கேட்காம போயிருக்கலாம். மூணு நாள் நீல விளக்குல வச்சிருந்தாங்க. இப்ப பையன் சுவரைப் புடிச்சு நடக்கறான்.

என் பொண்ணுக்கு 10.8, அவனுக்கு 10.2. குறைவான நம்பர்தான் ஆபத்தா இருந்தது. அன்னைக்கு அந்த ஒரு கேள்வியைக் கேட்காம விட்டிருந்தா? இதை நினைச்சா இன்னும் தூக்கம் வரமாட்டேங்குது.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. இந்தப் பதிவைப் படிச்சிட்டு யாரும் ரிப்போர்ட் பார்த்துச் சொல்லக் கிளம்பாதீங்க. பிறந்த நேரத்தைக் குறிச்சு வச்சுக்கங்க, ஜாதகத்துக்கு மட்டும் இல்லை, டாக்டருக்கும்.