முப்பத்திரண்டில் ஒரு பங்கு

பிளாஸ்டிக் விமானம் கட்டுகிறேன் என்று சொன்னால் இலக்கிய நண்பர்கள் முகத்தில் ஒருவித இரக்கம் தோன்றுகிறது. ஐம்பத்தெட்டு வயதில் பொம்மை. நான் மறுப்பதில்லை. ஆனால் யதார்த்தம் என்றால் என்ன என்று நம் பத்திரிகைகளில் படித்த விவாதங்கள் எதுவும் என்னை அவ்வளவு தொந்தரவு செய்ததில்லை, ஒரு தண்டர்போல்ட் விமானத்தின் இறக்கையை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்த ஆறு மாதம் செய்த அளவுக்கு.

நான் இருப்பது இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு சிறு நகரம். சர்ச்சுக்குப் பின்னாலுள்ள கூடத்தில் மாதம் இரண்டு செவ்வாய் மாலை கூடுகிறோம். ஆண்டுக்கு ஒருமுறை கூட்டுக் கட்டுமானம். ஒரு தலைப்பு, எல்லோருக்கும் ஒரே தொடக்க நாள், ஒரே கெடு. கால்வாசிக்கு மேல் ஏற்கனவே கட்டியதைக் கொண்டுவரக் கூடாது. அளவு 1:32. அதாவது நிஜத்தில் முப்பத்திரண்டு அங்குலம் இங்கே ஓர் அங்குலம். 1:72 அளவில் சின்னப் பொய்கள் செல்லுபடியாகும். இந்த அளவில் இருக்கைப் பட்டையின் கொக்கிகூடத் தெரியும். தகட்டை இணைக்கும் ரிவெட் வரிசைகளைப் பல்சக்கரம் ஒன்றை உருட்டி ஒவ்வொன்றாகக் குத்துகிறவர்கள் எங்களில் உண்டு.

கூட்டு என்று பெயர்தானே தவிர, அவரவர் வீட்டில் அவரவர் மேஜையில் தனியாகத்தான் கட்டுகிறோம். சேர்ந்து செய்கிற ஒரே காரியம் தப்புக் கண்டுபிடிப்பது. சிறுபத்திரிகை நடத்தியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பதினொரு பேர் தொடங்கினால் நான்கு பேர் முடிப்பார்கள் என்பதையும்தான்.

அந்த வருஷத் தலைப்பு நன்கொடை விமானங்கள். 1940-இல் ஒரு ஸ்பிட்ஃபயரின் விலை 5,000 பவுன் என்று பிரிட்டிஷ் சர்க்கார் ஒரு கணக்கு வைத்தது. உண்மையான செலவு அதைவிட அதிகம். அந்தத் தொகையைக் கொடுத்த ஊரோ சங்கமோ சீமானோ சொன்ன பெயரை விமானத்தின் பக்கவாட்டில் சிறிய மஞ்சள் எழுத்துகளில் எழுதினார்கள். இன்னும் பெரிய தொகை திரட்டிய பிரதேசங்களின் பெயர் ஸ்குவாட்ரனுக்கே சூட்டப்பட்டது. சென்னை மாகாணத்தின் பெயரை 79, 234, 264 என்று மூன்று ஸ்குவாட்ரன்கள் தாங்கின. இது எனக்கு முன்னமே தெரியும். தெரிந்தது ஒரு விஷயமாக உறைத்தது தலைப்பு அறிவிக்கப்பட்ட அன்றுதான்.

தாத்தா யுத்த நிதிக்கு ஐந்து ரூபாய் கொடுத்ததாகப் பாட்டி சொல்லுவாள். கொடுத்தார் என்று ஒரு தடவை, கொடுக்க வைத்தார்கள் என்று ஒரு தடவை. எதற்கு என்று கேட்டால் "ஆகாசக் கப்பலுக்குடா" என்பாள். அன்றைய மாற்று விகிதத்தில் 5,000 பவுன் என்பது ஏறக்குறைய 66,667 ரூபாய். பதிமூவாயிரத்துச் சொச்சம் தாத்தாக்கள் சேர்ந்தால் ஒரு விமானம்.

நான் எடுத்துக்கொண்டது 1944-இல் ஹரிக்கேனை விட்டுத் தண்டர்போல்ட்டுக்கு மாறி, பர்மாப் போர்முனையில் பறந்த 79-ஆம் ஸ்குவாட்ரன். காரணம் கேட்டால் கம்பீரமாக ஏதாவது சொல்லலாம். உண்மையான காரணம், தண்டர்போல்ட் பெட்டி பல வருஷமாக அலமாரியில் பிரிக்காமல் கிடந்தது. கட்டி முடித்தால் இறக்கை 39 சென்டிமீட்டர். மூக்கில் பதினெட்டு சிலிண்டர் என்ஜின். ஒவ்வொரு சிலிண்டருக்கும் மெல்லிய ஈயக் கம்பியில் ஒயர் இழுத்து, எண்ணெய்க் கசிவுக்குப் பழுப்புக் கரைசல் தடவி, மூன்று வாரம் உழைத்தபின் மூடியைப் போட்டு மூடிவிடுகிறோம். முன்வாயிலில் டார்ச் அடித்தால் கொஞ்சம் தெரியும். ஏன் செய்கிறாய் என்று என் மகள் கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை. செய்யாமல் மூடினால் உள்ளே காலி என்பது எனக்குத் தெரிந்திருக்கும், அவ்வளவுதான்.

பர்மாவில் பறந்த பிரிட்டிஷ் விமானங்களின் வட்டச் சின்னத்தில் சிவப்புக் கிடையாது. ஜப்பானியரின் சிவப்புச் சூரியன் என்று சொந்தப் படையே சுட்டுவிடக் கூடாதென்று, கருநீலமும் வெளிர்நீலமும் மட்டும். இறக்கையிலும் வாலிலும் வெள்ளைப் பட்டைகள். இதுவரை தகராறு இல்லை. கரும்பச்சையோடு சேர்ந்திருந்தது மண் நிறமா சாம்பலா என்பதில் மூன்று செவ்வாய்க்கிழமைகள் போயின. சாட்சியம் கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள். இரண்டு கட்சிக்கும் அதே படங்கள்தான் ஆதாரம்.

எங்களில் மூத்தவர் ஓய்வுபெற்ற ஒரு தபால்காரர். அவருக்கு ஒரே விதி: படத்தில் இல்லாததைப் பூசாதே. அவர் கட்டிக்கொண்டிருந்தது முதல் உலகப் போரில் ஹைதராபாத் நிஜாம் பணத்தில் வந்த டி.எச்.9ஏ. 2020-இல் மூடப்பட்ட நியூஸிலாந்தின் விங்நட் விங்ஸ் கம்பெனியின் பெட்டி; பிரிக்கவே மனசு வராத வகை. 110-ஆம் ஸ்குவாட்ரனுக்கு நிஜாம் கொடுத்த ஒவ்வொரு விமானத்திலும் இது இன்னார் அன்பளிப்பு என்ற வாசகமும் எண்ணும் உண்டு. அவற்றில் ஒன்று 1918 அக்டோபரில் ஜெர்மானியரிடம் சிக்கி, எங்கெங்கோ அலைந்து, இன்று லண்டன் ஹெண்டன் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அவருக்குச் சாட்சியத்துக்குப் பஞ்சமில்லை.

நான் விமானி அறைக்குக் கீழே, கெடுவுக்குப் பத்து நாள் முன்னால், மஞ்சளில் 'சென்னை மாகாணம்' என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொண்டுபோனேன். நுண்தூரிகை, பூதக்கண்ணாடி, இரண்டு இரவுகள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். படம் இருக்கிறதா என்றார். இல்லை. நான் பார்த்த 79-இன் தண்டர்போல்ட் படம் எதிலும் அந்தப் பெயர் இல்லை. பிறகு, மரியாதையாகவே, இன்னொன்றும் சொன்னார்: தண்டர்போல்ட் அமெரிக்காவிலிருந்து கடன்-குத்தகை ஏற்பாட்டில் வந்தது, உங்கள் ஆட்களின் பணம் இதில் ஒரு திருகாணிக்குக்கூடப் போயிருக்காது.

அவர் சொன்னது சரி. எனக்கு வந்த கோபமும் சரி என்றே இப்போதும் நினைக்கிறேன். நிஜாமுக்கு எழுத்து இருக்கிறது, படம் இருக்கிறது, விமானமே இருக்கிறது. ஐந்து ரூபாய்க்காரனுக்குப் பாட்டியின் வாய்ச்சொல்தான். ஆனால் சாட்சியம் இல்லாத இடத்தில் என் ஆசையை எழுதிவைத்து அதைச் சரித்திரம் என்று மேஜையில் நிறுத்தினால், மற்ற ரிவெட்டுகளை எதற்குக் குத்தினேன்? தாத்தா விரும்பிக் கொடுத்தாரா என்பதே தெரியாதபோது, அந்தப் பெயரை அவ்வளவு பெருமையாக மஞ்சளில் தீட்ட நான் யார் என்ற கேள்வி அன்றிரவு பஸ்ஸில் வந்தது.

தின்னர் தொட்டுத் துடைத்தேன். மஞ்சளோடு அடியிலிருந்த பச்சையும் வந்தது. தேய்த்து, மறுபடி பூசி, மங்கல் வார்னிஷ் அடித்தும் அந்த இடத்தின் மினுக்கம் சுற்றியிருப்பதோடு ஒட்டவில்லை. சாய்த்துப் பிடித்தால் இரண்டங்குல நீளத்துக்கு ஒரு திட்டு. சரிசெய்ய நாளில்லை.

கடைசிச் செவ்வாயன்று ஐந்து விமானங்கள் மேஜைக்கு வந்தன. தபால்காரர் என்னுடையதைத் தூக்கி விளக்குக்கு நேரே சாய்த்தார். திட்டு தெரிந்தது. பர்மா மழையில் பெயிண்ட் உரிந்து, அங்கேயே கைக்குக் கிடைத்ததைப் பூசி ஒப்பேற்றிய மாதிரியே இருக்கிறது என்றார். மொத்த விமானத்தில் இந்த இடம்தான் நிஜமாக வந்திருக்கிறது, எப்படிச் செய்தாய் என்று கேட்டார்.

தின்னரால் என்றேன்.