அடுத்த வீட்டு வித்தை

1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதியன்று திருவிதாங்கூரின் தென்கோடித் தாலுகாக்களாகிய தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தபோது, நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டமையால், பாறசாலை முதலான எல்லைக் கிராமங்களில் வீட்டுக்குள் தமிழும் வீதியில் மலையாளமுமாக வாழ்கிற குடும்பங்கள் இன்றும் உண்டு. உத்தியோக நிமித்தமாகத் திருநெல்வேலிச் சீமையை விட்டு வந்து பாறசாலையிலேயே குடியாகிவிட்ட எனக்கு இந்த நாட்டின் மழையும் புழுங்கலரிசியும் சீக்கிரமே பழகிவிட்டன. அக்கம்பக்கத்தாரை மதிக்க என் குழந்தைகளைப் பழக்குவதுதான் பிரயாசையாக இருந்தது. வளைகுடாப் பணத்தில் மாடி கட்டியவர் பெரிய மனிதர், ஓட்டு வீட்டுக்காரர் வெறும் மனிதர் என்ற கணக்கைக் குழந்தைகள் பெரியவர்களின் பேச்சிலிருந்தே கற்றுக்கொண்டு விடுகிறார்கள்.

இதற்கு உபதேசம் உதவாது. ஒவ்வொருவரிடமும் ஒரு விசேஷம் உண்டென்று எத்தனை முறை சொன்னாலும் குழந்தை நம்புவதில்லை. நம்பவேண்டிய அவசியமும் இல்லை. வித்தை நடக்கிற இடத்திலேயே கொண்டுபோய் உட்காரவைப்பதுதான் நான் கண்ட வழி.

எங்கள் தெருக்கோடியில் வசிக்கும் வர்ம ஆசானை என் மகன் எண்ணெய் வாடையடிக்கும் கிழவராகவே அறிந்திருந்தான். கடைவீதியில் மலையாளமே பேசும் அவர், வர்மப் புள்ளிகளான படுவர்மம் 12, தொடுவர்மம் 96 ஆக நூற்றெட்டையும் சிஷ்யனுக்குத் தமிழ்ச் சுவடியின் நடையிலேயே ஒப்பிக்கக் கற்பித்ததைக் கேட்டவன், “ஆசானே, இதெல்லாம் தமிழாக்கும்?” என்றான். “பின்ன, எனக்க அப்பன் சொல்லித் தந்தது இந்தப் பாஷையிலதானே மக்களே” என்றார் அவர். அதன்பின் அந்த வீட்டைக் கடக்கையில் பையனின் நடையிலேயே ஒரு மரியாதை வந்துவிட்டது.

நேரில் காட்ட இயலாத இடத்தில் கதையும் உதவும்; மகளுக்கு நான் சொன்னது பாடகி பொன்னம்மாளின் சரித்திரம். இதே பாறசாலையில் 1924-இல் தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்து, திருவனந்தபுரத்துச் சுவாதித் திருநாள் சங்கீத அகாடமியில் முதல் மாணவியாகச் சேர்ந்து, காட்டன்ஹில் பெண்கள் பள்ளியில் ஆசிரியையாகி, பிறகு தாம் படித்த அகாடமியிலேயே முதல் பெண் ஆசிரியையாக அமர்ந்தவர் அவர். பத்மநாபசுவாமி கோயிலையொட்டிய நவராத்திரி மண்டபத்தில் பெண்கள் பாடலாகாது என்னும் பழைய நியமம் 2006-இல் தளர்ந்தபோது அங்கே முதன்முதலாகப் பாடிய பெண்மணியும் அவரே; அப்போது அவருக்கு எண்பது கடந்திருந்தது. 2017-இல் பத்மஸ்ரீ வந்தது. ஊர் வியந்ததெல்லாம் அந்த நவராத்திரிக்குப் பிறகுதான். குரலோ அதற்கு அறுபது ஆண்டுகள் முன்பிருந்தே வகுப்பறைகளில் ஒலித்துக்கொண்டிருந்தது, அதைத் தினந்தோறும் கேட்ட சிறுமிகளில் எத்தனை பேருக்கு அவர் வெறும் பாட்டு டீச்சரோ! “அத்தனை வருஷமும் அவங்களுக்குக் கோபம் வரலையாப்பா?” என்று மகள் கேட்டாள். பதில் என்னிடம் இல்லை. ஆனால் ஒரு கிழவியம்மாளின் மனத்துக்குள் புகுந்து பார்க்க அவள் ஆசைப்பட்டதே எனக்குப் போதுமாயிருந்தது.

பாலராமபுரம் எங்களுக்கு அதிக தூரமில்லை. 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராமவர்மர் காலத்தில் நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வருவிக்கப்பட்ட சாலிய நெசவாளர்களின் சந்ததியார் அங்கே குழித்தறியில் கால் தொங்கவிட்டு உட்கார்ந்து, நாடாவைக் கையாலேயே எறிந்து, இருபுறமும் ஒன்றுபோலத் தோன்றும், ஜரிகைக் கரையிட்ட கசவுத்துணி நெய்கிறார்கள். புவிசார் குறியீடு பெற்ற துணி அது. நெய்தவர் பெயர் மட்டும் எந்தச் சேலையிலும் இல்லை. கேட்டால் கூச்சத்தோடு சொல்வார்கள். அதிலும் குழந்தைகள் கேட்டால் தறியை நிறுத்திவிட்டுச் சொல்வார்கள்.

பத்மநாபசுவாமி தரிசனத்துக்காக நாகர்கோவில் வழியாக வரும் அன்பர்கள், சேலை வாங்காவிட்டாலும் பாதகமில்லை, அனுமதி கேட்டுக்கொண்டு அந்தத் தறிவீடுகளில் ஒன்றில் பிள்ளைகளுடன் அரைமணி நேரமாவது இருந்துவிட்டுப் போகவேண்டும்.