திரிசூலத்து மேய்க்கால்

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் நான்காவது நிறுத்தம் திரிசூலம். பெட்டியை இழுத்துக்கொண்டு இறங்குகிறவர்கள் ஜி.எஸ்.டி. சாலையைத் தாண்டி விமான நிலையத்துக்குப் போவார்கள். தண்ணீர் பாட்டிலும் தயிர்சாதப் பொட்டலமுமாக நான் எதிர்ப்பக்கம், மலையைப் பார்த்து நடப்பேன். பதினெட்டு வருஷமாக இதே வழி.

திரிசூலநாதர் கோயிலைத் தாண்டி, கடைசி வீட்டின் துணிக்கொடியையும் தாண்டினால் ஒத்தையடிப் பாதை. சோழர் காலத்துக் கோயில். சுற்றியுள்ள நான்கு குன்றுகளும் நான்கு வேதங்கள் என்பது ஊர் நம்பிக்கை. மலை என்று சொன்னால் கொடைக்கானல்காரர்கள் சிரிப்பார்கள். நேராக ஏறினால் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. எனக்கு ஒரு பகல் முழுக்க வேண்டும், ஏனென்றால் நான் ஆடுகளுக்குப் பின்னால் நடக்கிறவன்.

இதைக் கற்றுக்கொண்டது அடிபட்டுத்தான். முதல் வருஷம், மழை விட்ட மறுநாள், உச்சியைக் குறிவைத்து வழவழப்பான ஒரு பாறைச் சரிவில் நேராக ஏறினேன். கறுப்பாகப் பாசி படிந்திருந்ததைக் கவனிக்கவில்லை. பத்தடி சறுக்கி, காரைமுள் புதரில் போய் நின்றேன். முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்ட ஆடு மேய்க்கும் அம்மா சொன்னார்: "கறுப்புப் பாறையில ஆடே கால வைக்காது தம்பி. அது போற தடத்தப் பாத்துப் போ."

அன்றிலிருந்து தடத்தைத்தான் பார்க்கிறேன். ஆட்டுத்தடம் நேராக ஏறாது. சரிவுக்குக் குறுக்கே சாய்ந்து போய், திரும்பி, மறுபடி சாயும். கரடுமுரடான பாறையாகத் தேடித்தேடிப் போகும். ஆடு முள்ளுக்கு அஞ்சாது என்பது ஒன்றுதான் அதனிடம் குறை. கிளை தாழ்ந்த இடத்தில் அது நுழைந்துவிடும், நாம் சுற்றிவர வேண்டும். பாறையில் நுனிக்காலை ஊன்றாமல் முழுப் பாதத்தையும் பதிக்க வேண்டும். புதுச் செருப்பு கூடவே கூடாது.

சுவிட்சர்லாந்து போய்வந்த நண்பர் ஒருவர் ஆல்ப்ஸ் புல்வெளிப் படங்களாக அனுப்பித் தள்ளினார். அந்த ஊர் மாட்டுக்காரர்களுக்கு 'ஆல்ப்' என்றால் சிகரமல்ல, கோடையில் மாட்டை ஓட்டிப்போகும் உயர மேய்ச்சல் நிலம். நம் பட்டா, சிட்டா பாஷையில் மேய்க்கால். அவர்களுக்குக் கோடை, நமக்குக் கார்த்திகை முதல் தை வரை. வடகிழக்குப் பருவமழை பிடித்ததும் பாறை இடுக்கெல்லாம் புல் கணுக்கால் உயரம் வரும், மார்கழியில் முழங்காலைத் தொடும். பாறைக் குழிகளில் தேங்கிய தண்ணீரில் தவளைக்குஞ்சுகள். தை பிறந்தால் ஊசிப்புல் முற்றி கால்சட்டையெல்லாம் தைத்துக்கொள்ளும். வீட்டில் திட்டு நிச்சயம். மாசியில் எல்லாம் வைக்கோல் நிறம்.

காலடியில் கிடக்கும் கல்லைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். வெளியே பழுப்புத் தோல். உடைந்த முகத்தில் எண்ணெய் தடவியதுபோல் நீலம் கலந்த சாம்பல் பளபளப்பு. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக்கின் கல்லறையை மூடியிருப்பது இந்த வகைக் கல். தாமஸ் ஹாலண்ட் 1893-ல் அதை ஆராய்ந்து 'சார்னோகைட்' என்று பெயர் வைத்தார். நம் ஊர்க் கல்லுக்கு வேறு ஊர்க்காரர் பெயர்! திரிசூலத்துக்கு முந்தைய நிறுத்தமான பல்லாவரத்தில், 1863 மே 30 அன்று, ராபர்ட் புரூஸ் ஃபூட் செம்பூராங்கல் சரளையிலிருந்து ஒரு கற்கருவியைப் பொறுக்கி எடுத்தார். இந்தியாவின் பழைய கற்கால ஆராய்ச்சி தொடங்கியது அந்தக் கல்லில்தான். அவரும் தரையைப் பார்த்து நடந்தவர்.

உச்சியில் சாப்பாடு. கீழே ஓடுபாதை கோடு போட்டதுபோல் தெரியும். விமானம் எழும்பும் சத்தத்துக்கு நான் இன்னும் தலை தூக்குகிறேன், ஆடுகள் தூக்குவதில்லை.

மலையின் ஒரு பக்கத்தையே ஜல்லிக்காக வெட்டித் தின்றுவிட்டார்கள். மிச்சம் இருப்பது கல்குட்டை: செங்குத்துச் சுவர், அடியில் பச்சைத் தண்ணீர். படம் எடுக்க அழகான இடம்தான், ஆனால் விளிம்பு பொடிக்கல், மிதித்தால் உதிரும். அங்கே இறங்கிக் குளிப்பது தைரியமல்ல, மடத்தனம்.

இறக்கத்தை நாலு மணிக்குள் முடித்துவிடுவேன். ஆடுகளும் அப்போதுதான் திரும்பும். முள் எடுத்த அம்மா இப்போது வருவதில்லை, முழங்கால் வலி. பேரன் ஓட்டிவருகிறான். நாற்பதுக்கு மேல் இருந்த மந்தையில் இப்போது பதினொன்று. போன மார்கழியில் ஒன்று வயிறு உப்பிச் செத்தது. வயிற்றைக் கிழித்துப் பார்த்ததில் ஒரு கூடை பிளாஸ்டிக் பை இருந்ததாம்.

வருகிறவர்கள் சாப்பாட்டுப் பையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக் கீழே கொண்டுவந்துவிடுங்கள்.