காற்றில் மிதந்த பெண்கள்

தையல் வகுப்பில் கை வேலை செய்யும், வாய் கதை கதைக்கும். அப்படி ஒருநாள் கதைத்துக்கொண்டிருந்தபோது ஒரு பிள்ளை கேட்டாள்: "அக்கா, காலத்தில் பின்னோக்கிப் போகிற யந்திரம் ஒன்று கிடைத்தால் எங்கே போவீர்கள்?" அங்கிருந்தவர்களில் அநேகர் சொன்னது, இடம்பெயர்வதற்கு முந்திய நாளுக்கு என்றுதான். எனக்கும் அந்த நாள் வேண்டும். ஆனால் இரண்டாவது பயணம் ஒன்றும் உண்டென்றால், நான் 19ஆம் நூற்றாண்டின் பாரிஸ் நகரத்துக்குப் போவேன். அங்கே ஒபரா அரங்கில் பாலே நடனம் ஆடிய பெண்களைப் பார்ப்பேன். அவர்களைப் பற்றி வாசித்த நாள் தொடக்கம் அவர்களுடைய வெள்ளைப் பாவாடை என் மனதைவிட்டு அகலவில்லை. சகோதரிகளே, நீங்களும் சிறிது நேரம் என்னோடு வாருங்கள்.

முதலில் 1832 மார்ச் 12ஆம் திகதி மாலை. லெ பெலெத்தியே வீதியிலுள்ள ஒபரா அரங்கில் 'லா சில்ஃபீட்' என்ற புதிய நாட்டிய நாடகம் அரங்கேறுகிறது. ஸ்கொட்லாந்து இளைஞன் ஒருவன் தன் கலியாண நாளிலேயே மணப்பெண்ணைக் கைவிட்டு, சிறகுள்ள தேவதை ஒருத்தியின் பின்னால் ஓடுகிறான். சூனியக்காரி கொடுத்த சால்வையை அவள்மேல் போர்த்தியதும் சிறகுகள் உதிர்கின்றன. அவள் இறந்து போகிறாள். தேவதையாக ஆடுபவர் மரி தாலியோனி. எரிவாயு விளக்குகளின் ஒளி நிலா வெளிச்சம் போல் மேடையில் விழுகிறது. மெல்லிய வெண்துணிப் பாவாடை மணிபோல் விரிய, கால்விரல் நுனியில் நின்று அவர் ஆடுகிறார். இந்தப் பெண்ணுக்கு உடம்பில் பாரமே இல்லையோ என்று சனம் மலைத்துப் போகிறது. வேறு சில பெண்களைக் கம்பியில் கட்டி உண்மையாகவே பறக்க விடுகிறார்கள்.

அந்தப் பாரமின்மைக்குப் பின்னால் எவ்வளவு பாரம்! தாலியோனி அரங்கேறுவதற்கு முன் அவருடைய தந்தையே ஆசிரியராக நின்று நாளொன்றுக்கு 6 மணித்தியாலம் பயிற்சி கொடுத்தார். இன்றைய பாலே சப்பாத்தின் நுனியில் விரலைத் தாங்கக் கடினமான பகுதி உண்டு. அன்று அது இல்லை. மெல்லிய சாட்டின் சப்பாத்துத்தான். அதன் நுனியையும் ஓரங்களையும் நூலால் நெருக்கமாகத் தைத்துப் பலப்படுத்திக்கொண்டு, மிச்சத்தை விரல்களும் கணுக்காலும் தாங்கின. ஊசி பிடித்த எனக்கு அந்தத் தையலைத் தொட்டுப் பார்க்க ஆசை.

அடுத்து 1838 ஓகஸ்ட் மாதம். இந்த முறை ஒபராவுக்குப் போகாமல் வேறொரு வீட்டைத் தேடிப் போகிறேன். புதுச்சேரிப் பக்கத்துக் கோயிலில் ஆடிய 5 தேவதாசிகளை ஒரு பிரெஞ்சு வியாபாரி ஒப்பந்தம் செய்து கப்பலில் கொண்டு வந்திருக்கிறார். தில்லையம்மாள் என்பவர் மூத்தவர். அம்மணிக்கு 18 வயது அளவில். ஆகச் சின்னவள் 6 வயதுக் குழந்தை. அவர்கள் தங்க வைக்கப்பட்டிருக்கும் பாதையின் பெயர் என்ன தெரியுமா? 'விதவைகள் சாலை'. இன்று அது மொந்தேன் அவெனியூ என்ற பணக்காரத் தெரு.

தாலியோனி 1830இலேயே இந்தியத் தாசி வேடத்தில் ஆடிப் புகழ் பெற்றிருந்தார். அது பாரிஸ் நகரம் கற்பனையில் செய்த தாசி. இப்போது உண்மையான தாசிகள் வந்ததும் சனம் வேடிக்கை பார்க்கத் திரண்டது. பாலேக்காரி மண்ணைத் தொடாதவள் போல் ஆடுவாள். நம்மவர்களோ பாதம் முழுவதையும் பதித்து, மண்ணை மிதித்து, சலங்கை ஒலிக்க ஆடினார்கள். தெயோஃபில் கோத்தியே என்ற எழுத்தாளர் அம்மணியின் அழகைப் புகழ்ந்து எழுதினார். ஒரு சிற்பி அவருடைய உருவத்தைச் சிலையாகச் செய்தார். நான் போனால் அவருடைய அழகைப் பற்றி ஒன்றும் கேட்க மாட்டேன். "பிள்ளை, சாப்பிட்டாயா? குளிருக்குப் போர்வை தந்தார்களா? எப்போது வீட்டுக்கு அனுப்புவார்களாம்?" என்று தமிழில் கேட்பேன். முகாமில் இருந்தவர்களுக்கு இந்தக் கேள்விகளின் அருமை தெரியும்.

அதே கோத்தியே கதை எழுதுவதில் பங்கெடுத்த 'ஜிசெல்' 1841 ஜூன் 28இல் அரங்கேறியது. பிரபு ஒருவனால் ஏமாற்றப்பட்ட கிராமத்துப் பெண் மனம் பேதலித்து இறக்கிறாள். கலியாணத்துக்கு முன்பே இறந்த பெண்களின் ஆவிகள் இரவில் வெள்ளை உடையில் எழுந்து ஆடுகின்றன. ஜிசெலும் அந்தக் கூட்டத்தில் சேர்கிறாள். ஆனாலும் தன்னை ஏமாற்றியவனை அவளே காப்பாற்றுகிறாள். பார்த்திருந்தவர்கள் உருகிப் போனார்கள்.

திரை விழுந்ததும் நான் மேடைக்குப் பின்னால் போவேன். ஆவிகளாக ஆடியவர்களில் பலர் ஏழை வீட்டுப் பிள்ளைகள். நடனப் பள்ளியின் சின்னப் பிள்ளைகளை 'குட்டி எலிகள்' என்றே அழைத்தார்கள். சம்பளம் சொற்பம். நடனக்காரிகள் கூடும் மண்டபத்துக்குள் நுழைய, வருடச் சந்தா கட்டிய பணக்கார ஆண்களுக்கு அனுமதி இருந்தது. பிள்ளையைக் காவல் காத்தபடி தாய்மார் இருந்தார்கள். வறுமையினால் கண்ணை மூடிக்கொண்ட தாய்மாரும் இருந்தார்கள். ஏமாற்றப்பட்ட ஜிசெலுக்காக அழுத அதே கனவான்கள்தான், உயிருள்ள ஜிசெல்களை விலை பேசவும் வந்தார்கள்.

கடைசியாக, நான் போக விரும்பும் நாளும் போகப் பயப்படும் நாளும் ஒன்றுதான்: 1862 நவம்பர் 15. எம்மா லிவ்ரி என்ற 20 வயதுப் பெண் அன்று ஒபராவில் ஒத்திகைக்கு வந்திருக்கிறாள். தாயும் ஒபராவில் ஆடியவர். தகப்பன் பிரபு குலத்தவன். தாயைக் கலியாணம் செய்யவில்லை. 16 வயதில் 'லா சில்ஃபீட்' ஆடி எம்மா பேர் எடுத்தாள். வயது சென்ற தாலியோனியே அவளைப் பார்க்க வந்து, ஆசிரியையாகி, 1860இல் அவளுக்காக 'வண்ணத்துப்பூச்சி' என்ற நாட்டியத்தை அமைத்தார். அதில் வண்ணத்துப்பூச்சியின் சிறகு தீப்பந்தத்தில் கருகும் காட்சி ஒன்று உண்டு.

அந்த ஒத்திகையில் எம்மா மேடைக்குள் நுழையுமுன் பாவாடையை உதறினாள். துணி எரிவாயு விளக்கைத் தொட்டது. தீப்பிடித்த உடையோடு அவள் மேடையில் ஓடினாள். தீயணைப்பு ஊழியர் ஒருவர் நனைந்த போர்வையால் மூடி அணைப்பதற்குள் உடம்பு வெந்துவிட்டது. 8 மாதம் வேதனைப்பட்டு, 1863 ஜூலை 26இல் இறந்தாள். எரிந்து மிஞ்சிய உடைத் துண்டுகள் ஒபராவின் நூதனசாலையில் இருக்கின்றன. நான் வாசித்த பாவாடை அதுதான்.

இது எதிர்பாராத விபத்து என்று சொல்ல முடியாது. 1844இல் இலண்டனில் கிளாரா வெப்ஸ்டர் இப்படியே எரிந்து இறந்திருந்தார். 1861இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் உடை மாற்றும் அறையில் ஒருத்தியின் உடை தீப்பற்ற, உதவிக்கு ஓடிய சகோதரிகளையும் தோழிகளையும் தீ பிடித்துக்கொண்டது. குறைந்தது 6 பேர் இறந்தார்கள். துணியைப் படிகாரம் முதலான உப்புகளில் தோய்த்தால் இலகுவில் தீப்பிடிக்காது என்பதும் தெரிந்திருந்தது. மேடை உடைகளை அப்படித் தோய்க்க வேண்டும் என்று பிரான்சில் 1859இல் அரச ஆணையும் வந்தது. ஆனால் தோய்த்த துணி விறைத்து மஞ்சளிக்கும். எம்மா அதை உடுத்த மறுத்து எழுத்திலேயே கொடுத்திருந்தாள். படுக்கையில் கிடந்தபோதும், அந்த உடை அவலட்சணம் என்றே சொன்னாளாம்.

"அவளுடைய பிடிவாதம்தானே" என்று சிலர் சொல்லக்கூடும். போத்தல் விளக்கின் கீழ் இரவிரவாகத் தைத்த எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. காற்றைப் போல் மிதந்தால்தான் கைதட்டல், கைதட்டல் இருந்தால்தான் வேலை என்று 16 வயதிலிருந்தே பழக்கப்பட்ட பிள்ளை அவள். பாதுகாப்பையும் பிழைப்பையும் இரண்டு தட்டில் வைத்து "ஒன்றை எடு" என்றால், ஒரு பெண் எதை எடுப்பாள்? விறைக்காத துணியைத் தேடுவதும், விளக்குக்கு வலைக்கூண்டு போடுவதும் அவளுடைய வேலையா?

தாலியோனியின் முடிவையும் சொல்ல வேண்டும். 1870இல் பிரான்சில் போர் மூண்ட காலத்தில் அவருடைய குடும்பச் செல்வம் கரைந்து போயிருந்தது. அறுபது வயதைத் தாண்டிய அவர் இலண்டனுக்குப் போய், பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு நடனமும் நடை பாவனையும் சொல்லிக் கொடுத்துச் சீவித்தார். 1884இல் மார்செய் நகரில் இறந்தார். தேவதை என்று கொண்டாடப்பட்டவர், கடைசியில் தன் கைத்தொழிலை நம்பித்தான் வாழ்ந்தார். அவரைத் தேவதையாகப் பார்ப்பதைவிட அந்த ஆசிரியையாகப் பார்க்கவே எனக்குப் பிடிக்கிறது.

பெண்ணை ஆவியாகவும் தேவதையாகவும் காட்டி உருகுவது இலேசு. ஆவிக்குப் பசிக்காது, சம்பளம் கேட்காது, தீயும் சுடாது. இறந்தவளுக்குப் பூ வைப்பார்கள், "தியாகி" என்பார்கள். இருக்கிறவள் கையுறை கேட்டால், முகமூடி கேட்டால், நேரத்துக்குக் கூலி கேட்டால் "வாய்க்காரி" என்பார்கள். சகோதரிகளே, அந்தப் பட்டத்துக்குப் பயப்பட வேண்டாம். ஆலையிலோ வயலிலோ தையல் அறையிலோ, வேலைக்குப் போகுமுன் மூன்று விடயங்களைக் கேளுங்கள்: கூலி எவ்வளவு? ஆபத்து எது? அதைத் தடுக்க நீங்கள் என்ன வைத்திருக்கிறீர்கள்? தனியாகக் கேட்கக் கூச்சமாக இருந்தால், நாலு பேராகச் சேர்ந்து போய்க் கேளுங்கள்.