கிருஷ்ணனுக்கு என்ன வயசு?

போலீஸ் அதிகாரியிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டாலும் கோர்ட்டில் அது செல்லாது. சுங்கத்துறை விஷயம் வேறு. சுங்கச் சட்டம் 108ஆம் பிரிவில் சம்மன் வந்து, போய் உட்கார்ந்து, எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அதுவே சாட்சியம். 2016இல் என்னிடம் வந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியருக்கு இது தெரியாது. வக்கீலைப் பார்க்காமலே போய் நான்கு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு, அதன் நகலோடு வந்திருந்தார். நல்ல கையெழுத்து. மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி: "மேற்படி கிருஷ்ண விக்கிரகம் எங்கள் குடும்பத்தில் இருநூறு வருஷமாகப் பூஜையில் இருந்துவருகிறது."

"இதை ஏன் சார் எழுதினீங்க?"

"கேட்டாங்க, சொன்னேன். பெருமையாத்தானே சொன்னேன்?"

கும்பகோணம் பக்கத்துக்காரர். ஒரே மகள் மெல்போர்னில். ஊர் வீட்டை விற்றுவிட்டு, கணவனும் மனைவியுமாக மகளிடமே போய்விடுவது என்று முடிவு. ஊஞ்சல், கட்டில், பாத்திரம், புத்தகம் எல்லாம் ஒரு கன்டெய்னரில் ஏறியது. மூட்டை கட்ட வந்த ஆட்களே பட்டியலும் போட்டுக் கொடுத்தார்கள். "பழைய வீட்டுச் சாமான்", "பூஜை சாமான் 1 பெட்டி", "பழைய புத்தகம் 3 பெட்டி" என்று ஒரே பக்கத்தில் முடிந்த பட்டியல். பூஜை சாமான் பெட்டியைத் திறந்தால் ஒன்றரைச் சாண் உயரத்தில் வெண்ணெயும் கையுமாக ஆடும் கிருஷ்ணன். புத்தகப் பெட்டி ஒன்றில் சிவப்புத் துணி சுற்றிய ஓலைச்சுவடிக் கட்டு. அங்கேயே மகஜர் எழுதி, இரண்டையும் கைப்பற்றி, கன்டெய்னரை நிறுத்திவிட்டார்கள்.

அந்த அதிகாரிகள் மேல் எனக்குக் குறை கிடையாது. அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தானில் திருடுபோன நடராஜரை 2008இல் கான்பெரா தேசிய கலைக்கூடம் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியிருந்தது. 2014 செப்டம்பரில்தான் ஆஸ்திரேலியப் பிரதமர் அதை டெல்லியில் திருப்பி ஒப்படைத்தார். அடுத்த இரண்டே வருஷத்தில் காவிரிக்கரையிலிருந்து ஒரு ஐம்பொன் சிலை அதே நாட்டுக்கு, "பூஜை சாமான்" என்ற பேரில் போனால் யார்தான் விடுவார்கள்?

தலைமையாசிரியரின் வாதம் எளிமையானது. "என் வீட்டுப் பொருள். திருடலை, விற்கலை. என் மகள் வீட்டு அலமாரியில வைக்கப் போறேன்." இதே வாதத்தை எத்தனையோ பேர் என் மேஜைக்கு எதிரே சொல்லியிருக்கிறார்கள். ஏற்றுமதித் தடைக்கு, பொருள் யாருடையது என்பது கேள்வியே இல்லை. பொருள் என்ன என்பதுதான் கேள்வி. 1972ஆம் ஆண்டு தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டத்தின்படி, நூறு வருஷத்துக்குக் குறையாத சிற்பமோ ஓவியமோ தொல்பொருள். கையெழுத்துப் பிரதி என்றால் 75 வருஷம் போதும். ஆனால் அறிவியல், வரலாறு, இலக்கியம், கலை என ஏதாவது ஒரு வகையில் மதிப்பும் இருக்க வேண்டும். தொல்பொருளை மத்திய அரசோ அது அதிகாரம் கொடுத்த அமைப்போ தவிர வேறு யாரும் நாட்டை விட்டு அனுப்பக்கூடாது. மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாத சிறை, மூன்று வருஷம் வரை போகலாம்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. சாதாரண சுங்க வழக்கில் 125ஆம் பிரிவைக் காட்டி, அபராதம் கட்டிப் பொருளை மீட்டுக்கொள்ள வாய்ப்பு கேட்போம். எங்கள் பிழைப்பில் பாதி அந்தப் பிரிவில்தான் ஓடுகிறது. தொல்பொருள் சட்டத்தின் 4ஆம் பிரிவு அந்தக் கதவைச் சாத்திவிடுகிறது. தொல்பொருள் என்று முடிவாகிவிட்டால் பறிமுதல்தான். விண்ணப்பத்தின் பேரில் மத்திய அரசு வேறு மாதிரி உத்தரவிட்டால் ஒழிய மீட்சி இல்லை. ஆகவே மொத்த வழக்கும் ஒரே கேள்விக்குள் அடங்கிவிட்டது: கிருஷ்ணனுக்கு என்ன வயசு?

அதைச் சொல்லும் அதிகாரம் சுங்க அதிகாரிக்கும் இல்லை, எனக்கும் இல்லை. தொல்பொருளா இல்லையா என்று கேள்வி எழுந்தால், 24ஆம் பிரிவின்படி இந்தியத் தொல்லியல் துறைத் தலைமை இயக்குநரோ அவர் அதிகாரம் கொடுத்த இயக்குநர் நிலை அதிகாரியோதான் முடிவு செய்ய வேண்டும். அவர் சொன்னதே கடைசி. கப்பலுக்கு அனுப்புமுன் அதே துறையிடம் பொருளைக் காட்டி, "தொல்பொருள் அல்ல" என்று சான்றிதழ் வாங்கியிருந்தால் இந்த வழக்கே வந்திருக்காது. அதை மூட்டை கட்டுபவர்கள் சொல்ல மாட்டார்கள்.

"வேற ஆதாரம் ஏதாவது இருக்கா? கிருஷ்ணன் எப்ப வந்தார்னு?"

"எங்க தாத்தா கணக்கு நோட்டு இருக்கு. எல்லாச் செலவும் எழுதுவார்."

"கொண்டு வாங்க."

"அதுவும் கன்டெய்னர்லதான் இருக்கு."

மனு போட்டு, அதிகாரி முன்னிலையில் புத்தகப் பெட்டிகளைப் பிரித்தோம். காலிகோ அட்டை போட்ட நீள நோட்டு. 1951ஆம் வருஷப் பக்கம் ஒன்றில், வைக்கோல் செலவுக்கும் மளிகைக்கும் நடுவே, நீல மசியில் தாத்தா எழுதியிருந்தார்: சுவாமிமலை ஸ்தபதிக்கு முன்பணம், பாகத்தில் அண்ணாவுக்குப் போன கிருஷ்ணனைப் போலவே அளவெடுத்துச் செய்ய. கீழே தொகை. மூன்று மாதம் தள்ளி, "பாக்கி தீர்த்தது". நோட்டுக்கு வயது 65தான் என்பது எங்கள் அதிர்ஷ்டம். இன்னும் பத்து வருஷம் கூடியிருந்தால் சாட்சியே சந்தேகப் பொருளாகியிருக்கும்.

தொல்லியல் நிபுணர் நோட்டை ஒரு முறை பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். சிலையைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் தேய்ந்து மூக்கு மழுங்கியிருந்ததைக் கண்டுதான் மற்றவர்கள் பழசு என்று பயந்திருந்தார்கள். அது புளி போட்டுத் தேய்த்த தேய்மானம், வெள்ளிக்கிழமைதோறும் வீட்டுப் பெண்கள் செய்த வேலை என்றார். லென்ஸை என்னிடம் கொடுத்து முழங்காலின் பின்மடிப்பைக் காட்டினார். புளி போகாத அந்த இடுக்கில் உளி இழுத்த கோடுகள் நேற்று இழுத்தது போல் கூர்மையாக நின்றன. தொல்பொருள் அல்ல என்று முறைப்படி முடிவு வந்தது.

சந்தோஷமாகப் போனில் சொன்னேன். எதிர்முனையில் பேச்சில்லை. பிறகு கேட்டார்: "அப்ப எங்க கிருஷ்ணன் பெரிய தாத்தா வீட்லயா இருக்கார்?" வழக்கில் ஜெயித்துக் கொடுத்ததற்காகக் கட்சிக்காரர் என்மேல் கோபப்பட்டது அந்த ஒரு முறைதான். இருநூறு வருஷத்தைப் பிடுங்கிக்கொண்டேனாம். அவர் மனைவிதான் ரிசீவரை வாங்கி, "அறுபத்தஞ்சு வருஷம் பால் குடிச்சவர் சாமி இல்லாம போயிடுவாரா? நீங்க மேல பாருங்க சார்" என்றார்.

மேலே பார்க்க ஓலைக்கட்டு இருந்தது. அதை யாரும் பொருட்டாகவே நினைக்கவில்லை. பழைய பேப்பர்காரனுக்குப் போட வேண்டியது என்று அந்தம்மா ஒதுக்கி வைத்து, கடைசி நிமிஷத்தில் பெட்டியில் இடம் இருந்ததால் ஏறிய சரக்கு. சுரத்துக்கும் மாந்தத்துக்கும் மருந்து சொல்லும் வைத்திய ஏடு. மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. கடைசி ஓலையில் எழுதி முடித்த நாள்: விரோதி வருஷம், தை மாதம், தேதி, கிழமை, நட்சத்திரம்.

நான் இங்கேதான் நம்பிக்கை வைத்தேன். விரோதி அறுபது வருஷத்துக்கு ஒரு முறை வரும். 1950 தை என்றால் 66 வயது, சட்டத்துக்கு வெளியே. 1890 தை என்றால் 126. சந்தேகத்தின் பலன் எங்களுக்கே என்று வாதிட உட்கார்ந்தேன். நிபுணர் கிழமையையும் நட்சத்திரத்தையும் பழைய பஞ்சாங்கத்தோடு ஒத்துப் பார்த்தார். இரண்டும் 1890இல்தான் பொருந்தின. தெரிந்த மருந்துகளைப் பார்த்து எழுதியதுதானே, இதில் என்ன மதிப்பு என்று அடுத்த கட்சியை எடுத்தேன். கட்டில் இருந்த இரண்டு முறைகள் தான் வேறு எங்கும் பார்க்காதவை என்றார். அதோடு முடிந்தது.

ஓலைக்குப் பறிமுதல் உத்தரவு வந்தது. தனி அபராதமும் போட வேண்டும். தடை செய்யப்பட்ட பொருளுக்கு மதிப்பில் மூன்று மடங்கு வரை போடலாம். பட்டியலில் மதிப்பு பூஜ்யம். பூஜ்யத்தை மூன்றால் பெருக்கினால் என்ன வரும் என்று விசாரணையில் கேட்டேன். அதிகாரி சிரித்துவிட்டார், ஆனால் அபராதத்தை விடவில்லை, குறைத்துப் போட்டார். குற்ற வழக்கு தொடர அனுமதி கேட்கவில்லை. 4ஆம் பிரிவில் டெல்லிக்கு விண்ணப்பம் அனுப்பினோம். நாட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்வது, வெளியே அனுப்பக்கூடாது என்ற நிபந்தனையோடு ஏட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிப் பதில் வந்தபோது, கன்டெய்னர் கிடந்த வாடகை அபராதத்தைப் போலப் பல மடங்காகியிருந்தது. கிருஷ்ணன் கப்பலேறினார். ஏட்டை ஒரு சுவடி நூலகத்தில் கொடுத்துவிட்டு அவர்களும் கிளம்பினார்கள்.

கிளம்புமுன் அவரிடம் ஒன்று சொல்லியிருந்தேன்: பெரிய தாத்தா வீட்டில் இருப்பது நிஜமாகவே நூறு வருஷத்துக்கு மேற்பட்ட உலோகச் சிலை என்றால், பூஜையில் இருந்தாலும் பதிவு செய்தாக வேண்டும், ஒன்றுவிட்ட அண்ணனிடம் சொல்லிவிடுங்கள் என்று. விமான நிலையத்திலிருந்து கூப்பிட்டார்.

"அண்ணாகிட்ட சொன்னேன் சார். சட்டம், பதிவு எல்லாம் விவரமா சொன்னேன்."

"என்ன சொன்னார்?"

"அவங்க வீட்ல இருக்கிறதும் சுவாமிமலைல செஞ்சதுதானாம்."