மோட்டார் கடைக்காரர் மகள்

எனக்குச் சொந்த ஊர் ஆயக்குடி. பழனியிலிருந்து ஒட்டன்சத்திரம் போகிற சாலையில் இருக்கிறது. ஆயக்குடி என்றதும் எல்லோருக்கும் கொய்யாப்பழம்தான் ஞாபகத்துக்கு வரும். பொழுது விடிவதற்குள் கூடை கூடையாகப் பழம் சந்தைக்கு வந்து இறங்கிவிடும். கொய்யாவுக்குத் தண்ணீர் வேண்டும், தண்ணீருக்குக் கிணறு வேண்டும், கிணற்றுக்கு மோட்டார் வேண்டும். அந்த மோட்டார் எரிந்துபோனால் எங்கள் அப்பா வேண்டும்.

அப்பா காயில் கட்டுகிறவர். வீட்டுத் திண்ணையை ஒட்டி ஓலை வேய்ந்த ஒரு சாய்ப்பு, அதுதான் கடை. மாட்டுவண்டியில் ஐந்து எச்.பி. மோட்டாரைப் போட்டுக்கொண்டு வந்து இறக்குவார்கள். எரிந்த வார்னிஷ் வாடை தெருமுனை வரைக்கும் அடிக்கும். அப்பா பழைய கம்பியை உளியால் வெட்டி எடுத்து, ஒவ்வொரு காயிலிலும் எத்தனை சுற்று என்று எண்ணி, ஒரு பழைய டைரியில் குறித்துக்கொள்வார். அப்புறம் புதுக் கம்பியை அச்சில் சுற்றி, காடிக்குள் காகிதம் வைத்து, காயிலை ஒவ்வொன்றாக இறக்கி, நூலால் கட்டி, வார்னிஷ் ஊற்றிக் காய வைக்க வேண்டும். சுற்று எண்ணிக்கை தப்பினால் அந்த மோட்டார் ஒரு மாதத்தில் திரும்பி வந்துவிடும். அப்பா கடையில் அப்படி வந்ததாக எனக்கு நினைவில்லை.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன். "தாயி, உன் விரலு சின்னது, இந்தச் சந்துக்குள்ள அந்தக் காகிதத்தைத் தள்ளிவிடு" என்பார். அம்மா உள்ளேயிருந்து சத்தம் போடுவாள்.

"பொம்பளப் புள்ளைக்குப் பூக்கட்டத் தெரிஞ்சாப் போதும். காயில் எதுக்கு?"

"பூக்கட்டுற கைதான் காயில் நல்லாக் கட்டும்" என்பார் அப்பா. அம்மாவுக்கு இன்னும் கோபம் வரும்.

1974-ஆம் வருஷம், எனக்குப் பன்னிரண்டு வயது. ஐப்பசி மழை. ஒரு தோட்டத்தில் ஸ்டார்ட்டர் வேலை செய்யவில்லை என்று கூப்பிட்டு, அப்பா போனார். இரும்புப் பெட்டி, எர்த் கம்பி அறுந்து கிடந்திருக்கிறது. நனைந்த கையோடு தொட்டவரைக் கரண்டு தூக்கி எறிந்துவிட்டது. வாய்க்கால் வரப்பில் விழுந்ததால் உயிர் தப்பியது. வலது கையில் இரண்டு விரல்கள் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை.

சகோதரிகளே, கதையை இங்கே ஒரு நிமிஷம் நிறுத்துகிறேன். உங்கள் வீட்டு கிரைண்டர், அயர்ன் பாக்ஸ், ஃபிரிட்ஜ் எல்லாவற்றிலும் மூன்று முள் பிளக் இருக்கும். அதில் பெரிய முள்தான் எர்த். சாக்கெட்டில் நுழையவில்லை என்று அந்த முள்ளை ஒடித்துவிட்டு உபயோகிக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவு செய்து அப்படிச் செய்யாதீர்கள். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். எங்காவது கரண்டு கசிந்தால் அதுவே இணைப்பைத் துண்டித்துவிடும். எங்கள் அப்பா காலத்தில் கிராமத்தில் அதையெல்லாம் யார் கண்டார்கள்!

அதன் பிறகு அப்பாவின் இரண்டு விரலாக நான் ஆனேன். விளையாட்டாகச் செய்த வேலை, வீட்டுச் சோற்றுக்கான வேலையாகிவிட்டது. அவர் சொல்லச் சொல்ல நான் காயில் இறக்குவேன். மூன்று பேஸில் ஒன்று போய்விட்டால் மோட்டார் எப்படி உறுமும், பேரிங் தேய்ந்தால் எப்படிக் கத்தும் என்று காதால் கண்டுபிடிக்கவும் பழகினேன். அம்மா மட்டும் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். புருஷன் பிழைத்த இடத்தில் மகளை உட்கார வைத்துவிட்டோமே என்கிற பயம். அது இன்றைக்குப் புரிகிறது, அன்றைக்கு எரிச்சலாக இருந்தது.

1979-இல் எலக்ட்ரிகல் டிப்ளமோவுக்கு இடம் கிடைத்தது. வகுப்பில் பெண்கள் மூன்றே பேர். "கரண்டுகிட்டப் போற படிப்பு நம்ம வீட்டுக்கு வேணாம்" என்று அம்மா ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் கிளம்புகிற அன்று பஸ் நிறுத்தத்துக்கு வந்து, காகிதத்தில் சுற்றிய ஒரு பொட்டலத்தைக் கையில் கொடுத்தாள். பிரித்தால் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. "எங்க கழட்டினாலும் அங்க கழட்டாத" என்றாள், அவ்வளவுதான்.

படிப்பு முடிந்து 1982-இல் கோயம்புத்தூரில் ஒரு மோட்டார் கம்பெனியில் வேலை. ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் 1937-லேயே மோட்டார் செய்த ஊர் அல்லவா, அங்கே மோட்டாருக்குப் பஞ்சமில்லை. பெண்ணுக்கு மோட்டாரைத் தொடக் கொடுக்கத்தான் மனசு வரவில்லை. முதல் ஆறு மாதம் ரெஜிஸ்தர் எழுதினேன். பெண்களுக்கென்று கழிப்பறைகூடக் கிடையாது. தண்ணீர் குடிக்காமலே இருந்து நீர்க்கடுப்பு வந்து அவதிப்பட்டேன். (இன்றும் வேலைக்குப் போகிற பெண்கள் பலர் இப்படித்தான் தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். அது மிகவும் கெடுதல்.)

ஒரு நாள் டெஸ்டிங் பெஞ்சில் ஓடிய மோட்டாரின் உறுமலில் ஏதோ பிசகு தெரிந்தது. "சார், ஒரு பேஸில் ஆம்பியர் கூட இருக்கும் பாருங்கள், காயிலுக்குள்ளே சுற்றுக்குச் சுற்று ஒட்டியிருக்கிறது" என்றேன். ஃபோர்மேன் சிரித்தார். மீட்டரைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. பிரித்துப் பார்த்தார்கள், அப்படியே இருந்தது. அடுத்த வாரம் எனக்கும் டெஸ்டிங்கில் ஒரு மேஜை போட்டார்கள்.

1986-இல் கல்யாணம், 1988-இல் மகள். இங்கேதான் உண்மையான பரீட்சை.

அப்போது பிரசவ விடுப்பு 12 வாரம். 1961-ஆம் வருஷச் சட்டம். (முதல் இரண்டு பிரசவத்துக்கு அதை 26 வாரமாக்கியது 2017-இல்தான்.) அத்தைக்கு மூட்டுவாதம், தன் உடம்பையே தூக்க முடியாதவர். என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார். என்ன செய்வது என்று முழித்துக்கொண்டிருந்தபோது, ஆயக்குடியிலிருந்து அம்மா ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கினாள். கரண்டு வேலை வேண்டாம் என்று சாப்பிடாமல் கிடந்த அதே அம்மா!

தினமும் மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும் நேரத்துக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கம்பெனி கேட்டுக்கு வந்து உட்கார்ந்திருப்பாள். வாட்ச்மேன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பால் கொடுப்பேன். அவள் அதற்குள் எனக்கு ஒரு பிடி தயிர்ச்சோறு ஊட்டிவிடுவாள். குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை பால் கொடுக்கத் தினமும் இரண்டு இடைவேளை தர வேண்டும் என்று அந்தச் சட்டத்திலேயே இருந்தது. எனக்கு அது தெரியவே தெரியாது. யாரும் சொல்லவும் இல்லை. தெரிந்திருந்தால் கேட்டிருப்பேன்.

பால் மறந்த பிறகு அம்மாவால் கோயம்புத்தூரில் தங்க முடியவில்லை. அங்கே அப்பா தனியாகப் பொங்கித் தின்றுகொண்டிருந்தார். குழந்தையும் ஆயக்குடி போனாள். சனிக்கிழமை வேலை முடிந்ததும் உடுமலை பஸ் பிடித்துப் போய், திங்கட்கிழமை விடியற்காலையில் திரும்பிவிடுவேன். என் மகள் என் அம்மாவை 'அம்மா' என்றாள். என்னைக் 'கோயமுத்தூர் அம்மா' என்றாள். கேட்டவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பஸ்ஸில் ஏறிய பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வேன்.

ஒரு சனிக்கிழமை நான் போனபோது குழந்தைக்கு நெருப்பாய்க் காய்ச்சல். தூக்கினேன். என் கையில் நிற்காமல் வீறிட்டு, அம்மாவிடம் தாவிவிட்டாள். அன்று இரவு ராஜினாமாக் கடிதம் எழுதினேன். காலையில் அம்மா அதைப் பார்த்துவிட்டு, என்ன எழுதியிருக்கிறது என்று அப்பாவைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"ஏண்டி, இவளுக்கு ரெண்டு அம்மா இருந்தா என்ன கெட்டுப்போச்சு? நான்தான் எழுத்துத் தெரியாம அடுப்படியில நின்னேன். இதக் கிழிச்சுப் போடு. காய்ச்சல் இறங்கியிருக்கு, தொட்டுப் பாரு" என்றாள்.

கிழித்துப் போட்டேன். சரியாகத்தான் செய்தேனா என்று பல வருஷம் என்னை நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன் ஏ. லலிதாவைப் பற்றிப் படித்தேன். இந்தியாவின் முதல் பெண் என்ஜினீயர்களில் ஒருவர். 1919-இல் சென்னையில் பிறந்தவர். பதினைந்து வயதில் கல்யாணம், 1937-இல் கணவர் இறந்தபோது கைக்குழந்தைக்கு நாலு மாதம். அப்பா பப்பு சுப்பாராவ் கிண்டி பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரிகல் பேராசிரியர். அவரே முதல்வரிடம் பேசி, மேலிடத்தில் அனுமதி வாங்கி, 1940-இல் மகளை அங்கே சேர்த்தார். லீலம்மா ஜார்ஜும் பி.கே. திரேசியாவும் சிவில் படிப்பில் சேர்ந்தார்கள். திரேசியா 1971-இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். இவர்களுக்குக் கொடுத்த சான்றிதழில் 'அவன்' என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருந்ததை அடித்துவிட்டு 'அவள்' என்று எழுதினார்களாம்! லலிதா பிறகு கல்கத்தாவில் வேலை பார்த்தார். பக்ரா நங்கல் அணைக்கான மின்பாதை வேலையில் அவருக்குப் பங்கு உண்டு. 1964-இல் நியூயார்க்கில் நடந்த முதல் சர்வதேசப் பெண் பொறியாளர், விஞ்ஞானிகள் மாநாட்டுக்கும் போய் வந்தார். 1979-இல் காலமானார், நான் பாலிடெக்னிக்கில் சேர்ந்த அதே வருஷம்.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் அப்பாவைப் புகழ்கிறார்கள். புகழ வேண்டியதுதான். என் கண் நின்றது வேறு ஒரு வரியில். முதல் வேலையைச் சிம்லாவில் ஒப்புக்கொண்டதற்குக் காரணம், அங்கே அண்ணன் தம்பி வீடு இருந்ததாம். மகளை வைத்துக்கொண்டு அங்கே இருக்கலாம் என்றுதான் போனாராம். அந்த வீட்டில் அந்தக் குழந்தைக்குச் சோறு பிசைந்து ஊட்டிய கை எது என்று எந்தக் கட்டுரையிலும் நான் பார்க்கவில்லை. எனக்கு என் அம்மாவின் கைதான் ஞாபகம் வந்தது.

அம்மா 2011-இல் போய்விட்டாள். அப்பா அதற்கு முன்பே. சாய்ப்பு இருந்த இடத்தில் இப்போது ஒரு செல்போன் கடை. நான் டெஸ்டிங் பிரிவின் தலைவியாக இருந்து 2020-இல் ஓய்வு பெற்றேன். மகள் என்னைப் போல மோட்டார் பக்கம் வரவில்லை. புனேயில் கண் டாக்டர். போன மாதம் இரண்டாவது குழந்தை பிறந்திருக்கிறது. "எனக்கு 26 வாரம் லீவு இருக்கும்மா, அதுக்கப்புறம் நீ வந்துடு" என்று போனில் சொன்னாள். கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஆயக்குடி அம்மா மாதிரி" என்றாள்.

டிக்கெட் வாங்கிவிட்டேன். பெட்டியில் முதலில் வைத்தது ஒரு டெஸ்டர். அவள் வீட்டு ஹீட்டருக்கு எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.