சமச்சீர் என்றொரு சொல்

'சிம்மெட்ரி'க்கு அர்த்தம் கேட்ட பேத்திக்கு வாசல் கோலத்தைக் காட்டினேன். நடுவே ஒரு கோடு இழுத்தால் இடப்பக்கமும் வலப்பக்கமும் கண்ணாடி பார்த்த மாதிரி இருக்கும்.

கிரேக்கத்தில் 'சின்' என்றால் சேர்ந்து, 'மெட்ரான்' என்றால் அளவு. நாம் சமச்சீர் என்கிறோம். இந்தச் 'சீர்' என்ற சொல்லுக்குத்தான் எத்தனை வேலை! செய்யுளில் அசைகள் சேர்ந்தால் சீர். கல்யாணத்தில் பிறந்த வீட்டுச் சீர். பழுது பார்த்தால் சீர்செய்தல். எடை பார்த்தால் சீர்தூக்குதல்.

ஆனால் சமச்சீரைச் சேத்தியாத்தோப்பு டீக்கடை வரை கொண்டுவந்தது கணக்குப் புத்தகம் அல்ல, 2010-ஆம் ஆண்டின் சமச்சீர்க் கல்விச் சட்டம். அதற்கு முன் மாநிலப் பாடத்திட்டம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என நான்கு வழிகள். என் மகனின் மெட்ரிகுலேஷன் புத்தகம், அதே வகுப்பில் அரசுப் பள்ளியில் படித்த எதிர்வீட்டுப் பையனுக்கு உதவாது. 2011-இல் ஆட்சி மாறியதும் திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நடைமுறைப்படுத்தச் சொல்லி ஆகஸ்ட் 9-ஆம் தேதி தீர்ப்பு வந்தது.

ஆங்கிலத்தில் அந்தச் சட்டத்தின் பெயரில் இருப்பது 'யூனிஃபார்ம்', அதாவது ஒரே மாதிரி. தமிழ்ப் பெயர் தந்த வாக்குறுதி அதைவிடப் பெரிது. புத்தகம் ஒன்றாகிவிட்டது, சந்தோஷம். ஆனால் ஆய்வகமும் பாடத்துக்கு ஓர் ஆசிரியரும் ஒரு பிள்ளைக்கு இருந்து இன்னொரு பிள்ளைக்கு இல்லாவிட்டால்? ஒரு தட்டில் மட்டும் படிக்கல் வைத்தால் தராசு முள் நடுவில் நிற்காது.